ஹார்டுவேர் கடைக்கு மேலே

பாரிவாக்கம்
6-8-2025

அன்புள்ள ஜெயா,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. மெயில் வந்த சத்தத்தில் உன் தூக்கம் கலைந்திருந்தால் மனசுக்குள் திட்டிக்கொள். போனில் பேசலாமென்றால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீ சேர்த்துவிட்ட அங்கம்மா ஹாலில்தான் படுத்திருக்கிறாள். இந்த ஃபிளாட்டின் சுவர் லட்சணம் உனக்குத் தெரியாததா? மஸ்கட் போகும் வரை இதே வீட்டில் குடியிருந்தவள்தானே நீ.

வினோத்துக்கு இந்த மாதமும் நைட் ஷிஃப்ட். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டார் என்றால் விடியும் வரை நானும் ஆதிரையும் அங்கம்மாவும்தான். கைக்குழந்தைக்கு ராத்திரி என்றும் பகல் என்றும் உண்டா? தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நிற்கிறேன். நின்று நின்று தெரு மனப்பாடம் ஆகிவிட்டது.

பிரியாணிக் கடைக்காரர்கள் அண்டாவை ரோட்டுக்கு உருட்டி வந்து கழுவுகிறார்கள். கோழிக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிய பிறகும் படியிலேயே உட்கார்ந்து யாரிடமோ குழைந்து குழைந்து பேசுகிறார். பெண்டாட்டியிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பைபாஸ் பக்கமிருந்து ஒரு லோடு வண்டி வந்து, விளக்கை அணைத்துவிட்டு நிற்கிறது. யாரும் இறங்குவதில்லை. திரும்பப் போய்விடுகிறது. மாதா கோயில் கேட்டை நேரத்தோடு சாத்திவிடுகிறார்கள். ஆனால் ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் நீலச் சிலுவை விளக்கு போட்ட சபை இருக்கிறதே, அதற்கு மட்டும் ராத்திரிதான் விடிகிறது. ஜன்னலில் கறுப்புத் துணி. படிக்கட்டு முழுக்கச் செருப்பு. கொஞ்ச நேரம் பாட்டு, அப்புறம் ஒரே அழுகை.

நேற்று ஆதிரை தூங்கியதும் அங்கம்மா, “பாப்பா, வவுத்த இன்னாவோ பண்ணுது. மெடிகல் வரைக்கும் போய் ஒரு மாத்திர வாங்கினு வந்துர்றேன்” என்று கிளம்பினாள். மெடிகல் மூடியதை மேலிருந்து நானே பார்த்திருந்தேன். அவள் நேரே நடந்து போய், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினாள். வெகுநேரம் கழித்து வந்தவளிடம், மாத்திரை கிடைத்ததா என்று கேட்டேன். “கெட்ச்சிது பாப்பா. போட்டுக்கினேன், இப்ப தேவல” என்றாள், என் கண்ணைப் பார்த்தே.

உன் பையனை வளர்த்துக் கொடுத்தவள், நம்பி வை என்று நீதானே சொன்னாய். உன்னிடமும் இப்படிப் பொய் சொல்லியிருக்கிறாளா? அடுத்த மாதம் எனக்கு ஆபீஸ் தொடங்குகிறது. பகல் முழுக்க என் குழந்தையை அவள் கையில்தான் விட்டுப் போக வேண்டும். மறைக்காமல் எழுது.

உன்
சுரேகா


மஸ்கட்
9-8-2025

அன்பு சுரேகா,

காலேஜிலேயே நீ இப்படித்தான். ஹாஸ்டல் வாட்ச்மேன் சிரித்தால் ஏன் சிரித்தான் என்று ஒரு வாரம் யோசிப்பாய். பாவம் கோழிக்கடைக்காரர், அவரையும் விடவில்லையா?

அங்கம்மாக்கா விஷயத்தில் பயப்படாதே. அவர் எங்கே போனாலும் அது அவர் சொந்த விஷயம். என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று ராத்திரி அவனை மடியை விட்டு இறக்காதவர். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? திரைச்சீலையை இழுத்துவிட்டு, கிடைக்கிற நேரத்தில் தூங்கப் பார். குட்டிக்கு என் முத்தம்.

ஜெயப்பிரியா


பாரிவாக்கம்
20-8-2025

ஜெயா,

மறுபடியும் இந்நேரத்தில். கோபித்துக்கொள்ளாதே.

போன கடிதத்தில் நீ எதையோ மழுப்பினாய். தெரியாது என்றும் எழுதவில்லை, தெரியும் என்றும் எழுதவில்லை. அதைப் படித்ததில் இருந்து எனக்கு இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று.

இன்று சாயங்காலம் குளியலறையில் இருந்தேன். நான் தண்ணீரை நிறுத்தியது தெரியாமல் அங்கம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: “புள்ள இப்ப நல்லா தேறிக்கீதுங்கய்யா. தூக்கினா வெயிட்டா கீது. ஞாயித்துக்கெழம ஒப்புக்குடுத்துடலாம். அப்பங்காரனுக்குத் தெரிஞ்சா ரகள பண்ணுவான், அவன் வேலைக்குப் போனப்பறம் நைசா தூக்கினு வந்துர்றேன். ஆத்தாக்காரி நான் சொன்னா கேட்டுக்குவா.”

எடை பார்த்து, அப்பனுக்குத் தெரியாமல், பிள்ளையை ஒப்புக்கொடுப்பதாம். யாரிடம்? எதற்கு? அப்பன்காரன் வேலைக்குப் போகிற வீடு எது? ஆத்தாக்காரி யார், நான்தானே?

வினோத்திடம் போனில் சொன்னேன். “உனக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு, அதான். லீவு நாள்ல பேசலாம்” என்று வைத்துவிட்டார். அதனால் நம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் பூபாலன் சாருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டேன். ஹார்டுவேர் கடை மாடி, நடுவயதுப் பெண், பச்சைக் கட்டம் போட்ட புடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தையைக் கைமாற்றப் போகிறார்கள் என்று. என் பெயர் வெளியே வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். “நல்ல காரியம் பண்ணீங்கம்மா, க்ரூப்ல போட்டு வைக்கிறேன், நாலு பேர் உஷாரா இருப்பாங்க” என்றார்.

அவள் ஹாலில் தூங்குகிறாள். நான் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆதிரையை மடியில் வைத்து இதை அடிக்கிறேன். நான் செய்தது சரிதானே?

சுரேகா


மஸ்கட்
21-8-2025

சுரேகா,

இதைப் படித்ததும் முதல் வேலையாகப் பூபாலன் சாரிடம் சொல்லி அந்தச் செய்தியை எடுக்க வை. உனக்கு ஆறு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

அது அங்கம்மாக்காவின் பேத்தி. மகள் பானுப்பிரியாவின் குழந்தை. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. சபையில் வேண்டிக்கொண்டார்கள், பிழைத்தது. ஒப்புக்கொடுப்பது என்றால் அவர்கள் பேச்சில், குழந்தையை மேடைக்குத் தூக்கிப் போய், பாஸ்டர் கையில் கொடுத்து, கர்த்தருடைய பிள்ளை என்று ஜெபம் பண்ணி, திரும்ப வாங்கிக்கொள்வது. உன் மாமியார் ஆதிரையை மாரியம்மன் சந்நிதியில் கிடத்தி, அம்மனுக்குக் கொடுத்துவிட்டு, தவிட்டுக்குத் திரும்ப வாங்கியதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாயே. அதேதான். மருமகனுக்குச் சபை பிடிக்காது, அதனால்தான் ரகசியம்.

போன வாரம்தான் அக்கா என்னிடம் போனில் சொல்லிச் சந்தோஷப்பட்டார். உன்னிடம் மறைத்தது என் தப்பு. முன்பு வானகரத்தில் ஒரு வீட்டில், சபைக்குப் போகிறார் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். “யாராண்டயும் சொல்லாத பாப்பா, பொயப்பு பூடும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். உன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அக்காவிடம் உடனே பேசு. சங்கடமாக இருந்தாலும் நீயே சொல்லிவிடு. நாளை வெள்ளிக்கிழமை, பேத்தியையும் தூக்கிக்கொண்டு முழு ராத்திரி ஜெபத்துக்குப் போவார்.

ஜெயா


பாரிவாக்கம்
28-8-2025

அன்புள்ள ஜெயா,

இத்தனை நாள் பதில் போடாமல், போனையும் எடுக்காமல், கடைசியில் இந்நேரத்தில் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

உன் மெயிலை அன்றைக்கே படித்தேன். பூபாலன் சாரிடம் ஓடினேன். அவர் நம் க்ரூப்பில் இருந்து எடுத்துவிட்டார். “ஆனா அது எங்கெங்கியோ பூட்ச்சிம்மா, பூந்தமல்லி வரைக்கும் ஓடுது. என் கையில இல்ல” என்றார். வெள்ளிக்கிழமை அக்கா லீவு சொல்லிக் கிளம்பும்போது, “இன்னைக்குப் போகாமல் இருந்தால் என்ன?” என்று கேட்டேன். “ஏன் பாப்பா, எங்கன்னு ஒனக்குத் தெரியுமா?” என்று திரும்பிப் பார்த்தார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். எப்படித் தெரியும் என்று ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே. வாய் வரை வந்தது, ஜெயா. வெளியே வரவில்லை.

அன்று ராத்திரி பால்கனியில் நின்றேன். பேத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு அக்கா வந்தார். பிரியாணிக் கடைப் பக்கம் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

“இன்னாமே அது துணிக்குள்ள?”

“எம் பேத்திபா.”

“பேத்தின்னா எதுக்கு மூடினு போற?”

“பனி அடிக்குது நைனா.”

“ஆவணில இன்னாமே பனி? டேய், பச்சக் கட்டம்டா, மெசேஜில வந்துச்சே, அதேதான்.”

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. குழந்தையை ஒருவன் பிடுங்கிக்கொண்டான். அக்காவைக் கடை ஷட்டரில் தள்ளினார்கள். சபையில் இருந்தவர்கள் இறங்கி வர முடியாமல் சிலர் படியை மறித்துக்கொண்டார்கள். பின்னால் வந்துகொண்டிருந்த பானுப்பிரியா, “எம் புள்ளடா, எம் புள்ளடா” என்று நடுவில் விழுந்த பிறகுதான் நின்றார்கள். போலீஸ் வந்தது. நான் இறங்கிப் போகவில்லை. ஆதிரை அழுதுகொண்டிருந்தாள், அது உண்மைதான். ஆனால் அவளைத் தூக்கிக்கொண்டே இறங்கியிருக்கலாம்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். உதட்டில் தையல், வலது தோளைத் தூக்க முடியவில்லை. மருமகனுக்கு விஷயம் தெரிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு குத்தம்பாக்கத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். பானுப்பிரியா பால் கட்டிய மார்போடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் பேசவில்லை.

அக்கா பேசினார். “கைக்கொயந்தைய வச்சிக்கினு நீ எப்டி வருவ பாப்பா, ஒன்ன இன்னா சொல்ல. ஆனா ஒண்ணு. அந்த மெசேஜில ஞாயித்துக்கெழமன்னு போட்டுக்கீது. ஒப்புக்குடுக்கப் போறோம்னு சபையயும் ஊட்டு ஆளுங்களயும் விட்டா ஜெயா பாப்பா ஒண்ணுத்துக்குத்தான் தெரியும். நாந்தான் வாயக் குடுத்தேன். அதுதான் அந்த ஊர்லேர்ந்து யாருக்கோ சொல்லிக்கீது. எம் மடில வளந்த புள்ளையோட ஆத்தா, என்னியப் புள்ள புடிக்கிறவன்னு சொல்லிட்சே.”

ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை முதல் வேலைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வேறு வீட்டில் இனி யாரும் சேர்க்க மாட்டார்களாம், என் வீடு ஒன்றுதான் மிச்சமாம். எனக்கும் திங்கட்கிழமைதான் ஆபீஸ். வினோத்துக்கு இது எதுவும் தெரியாது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கேட்க எனக்கே கூசுகிறது. அக்கா உனக்குப் போன் செய்வார். என் பெயரைச் சொல்லிவிடாதே. நீ தூரத்தில் இருக்கிறாய். உன் பையன் வளர்ந்துவிட்டான். அவருடைய கோபத்தால் உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு என்றால், குழந்தையை விட்டுப் போக வேறு கை இல்லை. அவருக்கும் வேறு வீடு இல்லை. கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்லிவிடுகிறேன்.

இல்லை, ஏற்கெனவே நீங்கள் இருவரும் பேசிவிட்டீர்களா? இன்று சாயங்காலம் அவர் போன் வெகுநேரம் பிஸியாகவே இருந்தது. உன்னுடையதும்தான். பேசியிருந்தால் அதையாவது எழுது. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறக்கும்போது, எதிரே நிற்கிறவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு, ஜெயா.

சுரேகா