பக்கத்து இருக்கையின் எடை

மகளே,

கூட்டத்துக்குப் பஸ்ஸில் போகிறேன். சமைத்து மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடு.

மேடைக்கு மேடை "கேள்வி கேளுங்கள்" என்று முழங்குகிற நான், "அம்மா சீட்ல நான் உக்காரக் கூடாதாப்பா?" என்று நேற்று நீ கேட்ட ஒற்றைக் கேள்விக்குக் கார்க் கதவை அறைந்து சாத்தினேன், தனியாகவே டயர் கடைக்குப் போனேன். அது குற்றம். ஒப்புக்கொள்கிறேன்.

நம் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கு நான்கு டயரும் மாற்றியாயிற்று. வேகத்துக்கானவற்றை விடுத்து, அம்மா எப்போதும் சொன்னபடி, மழையில் வழுக்காதவற்றையே தேர்ந்தெடுத்தேன். பிறகு வீல் அலைன்மென்ட். இவ்வளவு இலேசான வண்டிக்கு, ஏறுகிற ஆட்களின் எடையை வைத்துத்தான் சக்கரங்களை நேராக்க வேண்டுமாம்.

"பக்கத்துல வர்றவங்க எத்தன கிலோ சார்?" என்றார் மெக்கானிக்.

"அம்பத்தெட்டு" என்றேன், யோசிக்காமல்.

அவர் மணல் மூட்டைகளை அந்த இருக்கையில் அடுக்கியபோதுதான், உன் அம்மா இறந்து எட்டு மாதமாகிறது என்பது உறைத்தது. திருத்திச் சொல்லாமலே பணத்தைக் கட்டி வண்டியை எடுத்தேன்.

ஆகவே, வண்டி இருவருக்காக நேராக்கப்பட்டிருக்கிறது. ஐந்து மணிக்கு வந்துவிடுவேன்; ஒரு சுற்றுப் போய் வருவோம். அந்த இருக்கை இனி உன்னுடையது.

அப்பா

சாவி ஆணியில் தொங்குகிறது. நேற்றுத் தனியே ஓட்டி வந்தபோது, வழியெல்லாம் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ, தெரியவில்லை.