மூன்று கணினிகளுக்கும் ஒரே பில்ட் கருவி

4.11, திங்கள்

விடியற்காலையிலிருந்தே மழை. தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், எங்கள் தாமான் குடியிருப்பே வெறிச்சென்று கிடக்கிறது. மதியச் சாப்பாடு முறுக்கு.

இந்த வாரம் முடித்தே ஆக வேண்டியது: எழுதிய நிரலை ஓடும் செயலியாகக் கட்டித் தரும் பில்ட் கருவி எது என்று முடிவு. எங்கள் வாசிப்பான், பார்வையில்லாதவர்களுக்குத் தமிழைச் சத்தமாகப் படித்துக் காட்டும் நிரல், என் லினக்ஸ் கணினியில் மட்டும்தான் பில்ட் ஆகிறது. விண்டோஸுக்கும் மேக்கிற்கும் பிரகாஷ்தான் செய்து அனுப்புவான். பாலிடெக்னிக்கிலிருந்தே கூட்டாளி. இப்போது கல்யாணமாகி மெல்பர்ன்.

ரவாங் ஊரில் இருக்கும், கண் தெரியாத மங்களம் டீச்சரின் கணினியில் ஏதோ அப்டேட், அதற்குப் பிறகு வாசிப்பான் திறக்கவே இல்லையாம். பாவம், டியூஷன் பாடத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. "அவங்களுக்கும் வேல இருக்கும்ல யோகா," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

5.11, செவ்வாய்

இரண்டில் ஒன்று.

சிமேக்: எல்லாரும் பயன்படுத்துவது. சந்தேகம் வந்தால் எங்காவது பதில் இருக்கும். எழுதும் முறைதான் தலைவலி. பிரகாஷுக்குத் தெரியும்.

மேசன்: கோப்பு சின்னது, படித்தால் புரிகிறது. பைத்தான் வேண்டும். பிரகாஷ் தொட்டதே இல்லை.

இரண்டையும் அவனுக்கு அனுப்பினேன். நீல டிக் மட்டும் விழுந்தது.

சாயங்காலம் கடைத்தெருவில் நாசி கோரிங், அந்த வறுத்த சோறுதான். கடை பாய் பொட்டலம் கட்டிக்கொண்டே, "ஒன்னு போதுமா தங்கச்சி?"

"ஒன்னுதான் பாய்."

தினமும் கேட்கிறார்.

7.11, வியாழன்

சிமேக் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தேன். ஒலிக்கான நிரல் நூலகத்தை இணையச் சோதனைக் கணினியின் விண்டோஸில் கண்டுபிடிக்க வைப்பதற்குள் பாதி நாள் போயிற்று. குறை என் கோப்பில்தான். ஆனால் ஏன் இதையே பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன்?

நானே போன் போட்டேன். பின்னால் குக்கர் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம்.

"எது வேணும்னாலும் எடுத்துக்க லா," என்றான்.

"உனக்குத் தெரிஞ்சதா இருந்தா நல்லதுன்னு பாத்தேன்."

கதவு சாத்துகிற சத்தம். பிறகு, "யோகா, நான் இனிமே அதுல கை வைக்கப் போறதில்ல. ரொம்ப நாளாவே சொல்லணும்னு இருந்தேன். எனக்காகப் பாத்து எதையும் வைக்காத."

"சரி" என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்றான். நானும் அதையே சொன்னேன்.

முன்பெல்லாம் தினமும் போன். முக்கால்வாசி நிரலைப் பற்றி, மீதி யார் என்ன சாப்பிட்டோம் என்று. அந்த மீதிக்காகத்தான் இவ்வளவு காலம் அந்த முக்கால்வாசியோ, என்னவோ.

துணி மடிக்கவில்லை.

8.11, வெள்ளி

மேசன்.

காரணம் ஒன்றே ஒன்று. அடுத்த வருடம் ஏதாவது உடைந்தால் இந்தக் கோப்பைத் திறந்து பார்க்கப்போவது நான் மட்டும்தான். எனக்குப் புரிந்தால் போதும்.

மதியத்திற்குள் இணையச் சோதனையில் லினக்ஸ், மேக் இரண்டும் பச்சை, பில்ட் ஆகிவிட்டது. விண்டோஸ் மட்டும் சிவப்பு, மறுபடி சிவப்பு. காரணம், கோப்புப் பாதையில் ஒரு தமிழ்ப் பெயர். அதை ஆங்கிலத்தில் மாற்றியதும் பச்சை. நாற்காலியை விட்டு எழுந்தேன், யாரிடமாவது சொல்ல. பிறகு உட்கார்ந்தேன்.

பிரகாஷ் எழுதிய பழைய பில்ட் கோப்பை, அந்த மேக்ஃபைலை, நீக்கினேன். டீச்சருக்கு விண்டோஸ் பதிப்பை அனுப்பினேன்.

10.11, ஞாயிறு

வெயில். துணி காய்கிறது.

மத்தியானம் டீச்சர் போன். எடுத்ததும் என்னைப் பேசவே விடவில்லை. "ஓடுது யோகா! 'ழ' கூட சுத்தமா வருது. காலையிலேர்ந்து ரெண்டு பாடம், அப்புறம் பேப்பர். இன்னிக்குப் பூரா என் வீட்டுல நீதான் பேசிக்கிட்டு இருக்க."

வாசிப்பானில் இருப்பது என் குரல். பதிவு செய்ய அப்போது வேறு ஆள் கிடைக்கவில்லை.

"சனிக்கெழம வாயேன்," என்றார். "புளிக்குழம்பு வைக்கிறேன். என்ன, சத்தத்தையே காணோம்?"

"வரேன் டீச்சர்." கரகரவென்று பாதிதான் வெளியே வந்தது.

"என்னம்மா இது, காய்ச்சலா?"

"இல்ல டீச்சர். இன்னிக்கு இப்பதான் வாயத் தொறக்கிறேன்."