அம்மாவின் படம் வந்து சேர்ந்தது

செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே காய்ச்சல், தலைவலி என்று யாரும் படுக்கவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். சமையலறையில் அம்மா நிற்பதாக நீ வரைந்து அனுப்பிய படம் மூலை நசுங்காமல் வந்து சேர்ந்தது, பிரித்ததிலிருந்து வீட்டில் ஒரே பட்டிமன்றம்தான். கட்டடம் வரையப் படிக்கும் உன் தம்பி, ஜன்னலை நின்றுகொண்டும் பாத்திரத் தொட்டியை உட்கார்ந்துகொண்டும் பார்த்து வரைந்திருக்கிறாய், கணக்குத் தப்பு என்றான். அத்தைக்கு, அண்ணியை இவ்வளவு கறுப்பாகவா போடுவது என்று மனத்தாங்கல். பஸ் ஓட்டுகிற எனக்குக் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துத்தான் பழக்கம், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவைத்தேன். அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். மறுநாள் பார்த்தால் படம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அம்மாவைக் கேட்டதற்கு, "நான் இவ்வளவு சலிச்சுப்போயா இருக்கேன்? இத்தனை வருஷத்துல அவ கண்ணுல இதுதான் பட்டுச்சா?" என்றாள். அதனால்தான் நீ கூப்பிட்டபோது கை ஈரமாக இருக்கிறது என்று போனை என்னிடம் தள்ளினாள். என்னவோ ஏதோ என்று நீ மருகிக்கொண்டிருப்பாய் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

நேற்று எனக்கு விடுமுறை. நீ உட்கார்ந்து வரையும் குட்டை முக்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தேன், முட்டி பட்ட பாடு தனிக் கதை. அங்கிருந்து பார்த்தால், படத்தில் இருக்கிற மாதிரியே அம்மா குழாயை மூடிவிட்டு ஒரு கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றித் தலையைச் சாய்த்து நின்றாள். என்ன யோசனை என்றேன். யோசனை இல்லையாம், தம்பி எழுந்துவிட்டானா என்று மாடியில் சத்தம் கேட்கிறாளாம். "இதைத்தான் உன் மகள் வரைந்திருக்கிறாள், நீ சலிப்பு என்கிறாய்" என்று அம்மாவிடம் படத்தைத் திருப்பிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்றாள். முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, உன் அம்மாவை உனக்குத் தெரியாதா. ஆனால் சாயங்காலம் தம்பியிடம் பென்சில் வாங்கி உன்னை வரைய உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கழுத்து இல்லை, காது ஒன்றுதான், கண் மட்டும் முகத்தில் பாதி. அளவு தப்பு என்று தம்பி ஆரம்பித்ததும், "எப்பப் பாரு என்னையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. அப்புறம் கண்ணு சின்னதாவா இருக்கும்?" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, அவளே எடுப்பாள். அம்மா போட்ட படத்தைத் திருத்திக் கிருத்தி அனுப்பிவிடாதே. உடம்பும் கையும் நன்றாக இருந்து, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

அன்புடன்,
உன் அப்பா