அழுகிற பெண்கள் கூட்டத்தில் உங்கள் அண்ணன்

சூசைபுரம்,
ஆவூர் வழி,
22-4-1961

மாதா துணை

அன்புள்ள தம்பி பங்கிராசுக்கு, அண்ணி வியாகுலமேரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். பினாங்கில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். கிணற்றில் தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது. கடலை இந்த வருஷம் சுமார்தான்.

உங்கள் கடிதம் வந்தது. அண்ணனுக்கு இனி மாத்திரை அனுப்ப மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ்கா நாடகத்தில் நடந்ததை யாரோ உங்களுக்கு எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. நடந்தது உண்மைதான். வருஷா வருஷம் சேசுவைச் சாட்டையால் அடிக்கும் சேவகனாக நடித்தவரை, இந்த வருஷம் நாடகம் நடத்தும் இன்னாசி வந்து கூட்டிப்போய், முக்காடு போட்டு, சிலுவைக்குப் பின்னால் அழுதுகொண்டு வரும் எருசலேம் பெண்கள் கூட்டத்தில் நிறுத்திவிட்டான். ரவிக்கைக்குள் துணி அடைக்கும் வேலை மிச்சம் என்று சனம் சிரித்தது. உங்கள் அண்ணன் மெய்யாகவே அழுதார். நானும் அங்கேதான் நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய்க் கையைப் பிடித்து அழைத்து வரவும் இல்லை.

மருந்தின் குணம் அப்படி. திருச்சி டாக்டர் முதலிலேயே சொன்னார். இவருக்கு மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, அதைத் திருப்ப முடியாது, வெறியை மட்டும் தணித்துப் பார்க்கலாம் என்றார். பெண்களின் உடம்பில் ஊறும் ஹார்மோனைத்தான் மாத்திரையாக எழுதித் தருகிறேன், மார்பு வளரும், வலியும் இருக்கும் என்றார். வளர்ந்தது, வலிக்கிறது. சட்டை உரசினாலே முகத்தைச் சுளிக்கிறார். ஆனால் கை ஓங்குவதில்லை. போன தடவை பார்த்தபோது, இனிப் பாதியாகக் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் குறைக்கவில்லை.

குடும்ப மானம் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வியாதி வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர் என் கையை ஒடித்தார். கட்டுப்போட வண்டி பூட்டியவர் நீங்கள்தான். அன்றைக்கு மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணி, நீங்களும் கொஞ்சம் வாய அடக்கணும்ல" என்று மட்டும் வழியில் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை தம்பி.

ஐப்பசி மழையில் பார்சல் தாமதமாகி மாத்திரை தீர்ந்தபோது நடந்ததை அப்போதே எழுதினேன். பெற்ற மகள் அடைக்கலமேரியை யாரென்று தெரியாமல், திருடி என்று உலக்கையை எடுத்துக்கொண்டு துரத்தினார். அவள் உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டதால் கதவோடு போயிற்று. அவள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு ஆனி மாதம் இங்கேதான் வருகிறாள். அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லி அவள் மாமியாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். அது முறையில்லை என்றுவிட்டார்கள். என்னிடம் இருக்கும் மாத்திரை அதுவரை காணாது. திருச்சியிலும் கிடைக்காது.

உங்கள் அண்ணன் இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எழுத்து மறந்துவிட்டது, வாசிக்கவும் வராது. தம்பிக்கு எழுது எழுது என்று காலையிலிருந்து கெஞ்சுகிறார். "பங்கிராசுட்ட சொல்லு, மாத்திரை வேணாம். நெஞ்செல்லாம் நோவுது. பயலுக இங்கிட்டு வந்து எட்டிப் பாத்துச் சிரிக்கிறானுக. நா ஆம்பளையாச் சாகணும்" என்கிறார். ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டேன். இனி அனுப்ப மாட்டான்ல என்று கேட்டார். அனுப்ப மாட்டாங்க என்றேன். என் தலையைத் தடவிக்கொடுத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

ஆகையால் தம்பி, பெரிய புட்டியாக இரண்டு, ஆனி பிறக்குமுன் வந்து சேரும்படி அனுப்புங்கள். பொடித்துக் கஞ்சியில் கலந்துவிடுகிறேன், அவருக்குத் தெரியாது. கூடவே, "நீங்கள் கேட்டபடி மருந்தை நிறுத்திவிட்டேன் அண்ணா" என்று அவருக்குத் தனியாக நான்கு வரி எழுதி வையுங்கள். நான் சொன்னதை நாளைக்குள் மறந்து திரும்பக் கேட்பார். உங்கள் கடிதம் கையில் இருந்தால் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லி ஆறிக்கொள்வார். தம்பி சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

மாதா உங்களுக்கு நீண்ட ஆயுளும், அது முடிகிறவரை தெளிந்த புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி
வியாகுலமேரி