வேண்டாதவை என்று நீக்கியவை

4.11.2025, செவ்வாய்

லேப்டாப் இன்றும் மக்கர். மகள் அனிஷா காலேஜ் முடித்ததும் இங்கே விட்டுப்போனது. ஆன் செய்துவிட்டுப் போய்ப் பால் கறந்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என் மனைவி கேத்தரினுக்கு அதுதான் வாய். தொண்டை ஆபரேஷனில் குரல் போனதிலிருந்து அவள் டைப் செய்வாள், அது தமிழில் பேசும். ஆம்பளைக் குரல்! சாயங்காலம் பெங்களூரில் இருக்கும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டால் முதல் வரி எப்போதும், "அம்மா, நான்தான் கேத்தி." அத்தைக்குக் கண் தெரியாது. "ஏண்டி, தடியனாட்டம் பேசற?" என்று சிரிப்பார்.

7.11, வெள்ளி

யூடியூப்பில் ஒருத்தன் காட்டினான். விண்டோஸோடு சேர்ந்தே வரும் வேண்டாததையெல்லாம் ஒரேயடியாக நீக்கும் டூல். வெளியாள் எழுதியது, இலவசம். நாளை கேத்தரின் செக்கப்புக்குத் தருமபுரி போகிறாள். திரும்பி வந்து பார்த்தால் அசந்துபோவாள்.

8.11, சனி

களை எடுக்கிற மாதிரிதான். கேம், வானிலை, செய்தி — டிக், டிக். அப்டேட் தொல்லையா? நிறுத்து. 'மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள்' என்று ஒன்று. நம் வீட்டில் யாருக்கு? டிக். ரீஸ்டார்ட் போட்டதும் சட்டென்று திறந்தது. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

அதே நாள், இரவு —

கேத்தரின் செருப்பைக் கழற்றும்போதே அவள் தம்பி சவுரியப்பன் போன். "மாமா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரியில இருக்கோம். அக்காவக் கேக்குறாங்க. காதுல வெக்கிறேன், பேசச் சொல்லுங்க."

ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தாள். டைப் செய்தாள். சத்தமில்லை. மறுபடியும் செய்தாள். என்னைப் பார்த்தாள்.

டிக் போட்டு நீக்கிய குரலை நெட்டிலிருந்து திரும்ப இறக்கப் பார்த்தேன்; இறங்கவில்லை. அப்டேட்டை நிறுத்தி வெச்சிருக்கியே, எப்படிடா எறங்கும்? முட்டாப்பயலே.

போனில் கத்தினேன்: "கேத்தி இங்கதான் இருக்கா அத்தை!"

"நீங்க வேணாம் மாப்ள. அவ பேசட்டும்."

கேத்தரின் போனை வாங்கி நகத்தால் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம், "யாரு? யாரு அது?"

உடனே கிளம்புகிறோம்.

9.11, ஞாயிறு

பஸ் ஓசூர் தாண்டவில்லை, அதற்குள் அத்தை போய்விட்டார்.

12.11, புதன்

அடக்கம் முடிந்து வீடு வந்தோம். கேத்தரின் காகிதத்தில் எழுதிக் கேட்டாள்: "எதை எடுத்தீங்க?"

சொன்னேன். மாற்றுத்திறனாளிகளுக்கு என்று போட்டிருந்தது, நம் வீட்டில் அப்படி யாருமில்லையே என்று நினைத்தேன் என்றேன். பொய்யில்லை. சத்தியமா உன்ன அப்படி நெனச்சதே இல்லடி.

அழுதாள். அம்மாவுக்காகவா, இதற்காகவா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

20.11, வியாழன்

கடத்தூரில் குருவின் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து சிஸ்டத்தை முதலிலிருந்து போட்டு வாங்கி வந்தேன். குரல் வந்துவிட்டது. பழையபடி மெதுவாகத்தான் திறக்கிறது.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு கேத்தரின் அதன் முன் உட்கார்ந்தாள். நான் போனை எடுத்துத் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. வட்டம் சுற்றி முடியும்வரை காத்திருந்து டைப் செய்தாள்.

"அம்மா, நான்தான் கேத்தி."

பிறகு மூடி வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.