கார்சா குடும்பத்துக்குக் கொடுத்த காபி

வெள்ளி, மார்ச் 7, 1997
சான் ஆன்டோனியோவில் காலையிலிருந்து தூறல். நாளை மெக்சிகோ எல்லைப் பக்கம் ரத்தம் எடுக்க நானும் போகிறேன், முதல் தடவை. மெக்சிகன் அமெரிக்கக் குடும்பங்களில் சர்க்கரை நோய் ஜீனை மூன்று வருஷமாகத் தேடுகிறேன், எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஒரு முகம் பார்த்ததில்லை. கார்சா குடும்பம்தான் பெரிது. அவர்கள் வந்தால் ஜீன் இருப்பதாக நான் சந்தேகப்படும் குரோமோசோம் இடம் உறுதியாகிவிடும். ஆகும், பந்தயம்!
எடுத்துப்போக: ஐஸ் பெட்டி, லேபிள், தயிர்சாதம், ஃபில்டர் காபி இரண்டு ஃபிளாஸ்க்.

சனி, 8
சர்ச் ஹால். குளிர். கார்சா குடும்பம் இரண்டு வேனில் விடிந்ததும் வந்துவிட்டது. கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஆளுக்கு ஒரு கப், சர்க்கரை தூக்கலாக. டியூப் அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் குளோரியா அலறினாள். "டாக்டர்! வெறும் வயிறு!"
அந்த விதியை எழுதியதே நான். காபி குடித்தால் டி.என்.ஏ.வுக்கு ஒன்றும் ஆகாது, சர்க்கரை அளவுதான் தப்பாக வரும். யாருக்கு நோய் என்று தெரியாமல் டி.என்.ஏ.வை மட்டும் வைத்து என்ன செய்வது? அவமானம் பிடுங்கித் தின்றது.
குடும்பத்துக்கு மூத்தவர் மிசஸ் கார்சா. கப்பையெல்லாம் கழுவிக் கொடுத்துவிட்டு ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். குளோரியா: "போன தடவை ரத்தம் எடுக்க வந்தவங்க உட்காருன்னுகூட சொல்லலையாம். அடுத்த சனி வராங்களாம்."

திங்கள், 10
பாஸிடம் நானே போய்ச் சொன்னேன். "இனி வர மாட்டார்கள், விட்டுவிடு" என்றார். வருவார்கள் என்றேன். எப்படித் தெரியும் என்றார். தெரியும், அவ்வளவுதான்.
வீட்டில் ரவி சிரித்து மாளவில்லை. "வந்தவங்க கையில டம்ளர் குடுக்கலன்னா உனக்குத் தூக்கம் வராதே!" கணவர் என்று ஒருவர் வேறு எதற்கு?
பால், கொத்தமல்லி வாங்கணும்.

சனி, 15
நல்ல வெயில். மூன்று வேன்! சொன்னேனா இல்லையா? மூன்றாவதில் மிசஸ் கார்சாவின் தம்பி லூயிஸ். ஊசி என்றால் ஓடுகிறவராம், அக்கா இழுத்து வந்திருக்கிறார். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்களே பாருங்க" என்றார் லூயிஸ்.
மீட்டரில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவு சர்க்கரை. வேறு விரலில் குத்தினோம், அதேதான். குளோரியா உடனே அவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு.
மிசஸ் கார்சா என் கையை விடவே இல்லை.

ஞாயிறு, 16
குளோரியா போன். லூயிஸுக்கு இன்சுலின் ஏறுகிறது. கால் விரலில் புண், அவருக்கே தெரியாது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலே போயிருக்குமாம். இப்ப பயமில்லைங்கறாங்க." போனை வைத்ததும் அழுதேன்.
பிறகு கார்சா குடும்பத்தின் வம்சாவளிப் படத்தைத் திறந்தேன். நோய் இருந்தால் கறுப்புக் கட்டம், இல்லையென்றால் வெள்ளை. லூயிஸுடையதைக் கறுப்பாக்கினால் என் கணக்கு இன்னும் பலமாகும். மூன்று வருஷமாக இப்படிப்பட்ட கட்டத்துக்குத்தான் ஆசைப்பட்டேன். இன்று அதில் லூயிஸின் முகம், கை வரவில்லை. நாளைக்குப் போடுகிறேன்.