உன் கண் உயரத்தில் ஒரு துளை

மச்சான்,

நாண் மெழுகின் மணம் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. சோறு குழைக்கும்போதும் மணந்தது. "கையைக் கழுவிப்போட்டு வாங்கோவன்" என்று என் மனிசி ஏசினாள். கழுவினேன்தான், வடிவாகக் கழுவ மனம் வரவில்லை. இன்று உன் வில்லில் கை வைத்தேன்.

நீ அதை வாங்கியது கொரோனாவுக்கு முந்திய வருடம். லாங்கன்தால் தொழிற்சாலையில் காலை வேலை முடிந்த கையோடு இரண்டு பேரும் ரயிலேறி ஆராவ் கடைக்குப் போனோம். இந்தச் சுவிஸ் நாட்டில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்காது. ஆனாலும் உனக்கு வேட்டை வில்தான் வேண்டும். நாங்கள் எய்யப் போவது காட்டில் குறிக்கு வைத்திருக்கும் ரப்பர் மிருகங்களைத்தான். "காட்டிலை நிக்கிற ரப்பர் பன்றிக்கு சட்டம் தெரியவோ போகுது?" என்றாய். வில்லைச் சட்டென்று எடுத்துவிட்டாய். குறிபார்க்கும் சாமான்களுக்கு முன்னால்தான் நின்றாய், நின்றாய், கடைக்காரர் கோப்பி குடித்துவிட்டு வந்த பிறகும் நின்றாய்.

நான் ஐந்து ஊசி வைத்த குறிகாட்டி எடுத்தேன். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு ஊசி. நீ ஒற்றை ஊசி எடுத்தாய். தூரத்துக்கேற்பச் சக்கரத்தைத் திருகி அதை ஏற்றி இறக்க வேண்டும். "அஞ்சு பேர் வழி சொன்னா நீ ஊர் போய்ச் சேரமாட்டாய்" என்று கிண்டலடித்தாய். என் அம்பு பன்றியைத் தாண்டிப் போன போதெல்லாம் அதையே திரும்பச் சொன்னாய். உனக்கோ சக்கரம் திருகவே மறந்துபோகும். ஆளுக்கொரு கோளாறு.

வெள்ளிக்கிழமை மட்டும் நீ பன்றிக்குக் குறி வைக்கமாட்டாய். "இண்டைக்கு நான் சைவமடா" என்று வட்டப் பலகைப் பக்கம் திரும்பிவிடுவாய். ரப்பர் என்றாலும் பன்றி பன்றிதானாம். பக்கத்தில் நின்ற சுவிஸ்காரருக்கு இதை விளக்க நான் பட்ட பாடு!

நீ திடீரென்று போனாய். உன் மனைவி வில்லை என்னிடம் தந்தார். நாணில் கட்டியிருக்கும் அந்தச் சின்ன வளையத்துக்குள்ளால் பார்த்தால்தான் ஊசி தெரியும். அது உன் கண் உயரத்தில் கட்டியது. உன் படத்தைப் பார்த்து வராத அழுகை எனக்கு அந்தத் துளையைப் பார்த்து வந்தது. வில்லை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

போன மாதம் உன் மகள் வந்தாள். ஓல்டனில் முதியோர் இல்லமொன்றில் தாதியாக இருக்கிறாள். "மாமா, அப்பான்ரை வில்லை நான் எடுக்கலாமோ?" என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். நாணை இழுக்கும் நீளத்தை அவள் கைக்கேற்பக் குறைத்தார்கள். வளையத்தையும் இறக்கவா என்று கேட்டார் கடைக்காரர். அவள் வாய் திறக்கமுதல், "வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்" என்று நான் முந்திக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு வில்லை உறைக்குள் வைத்தாள்.

இன்று பின்னேரம் காட்டுக்குப் போனோம். நாணை இழுத்தாள், கழுத்தை எக்கினாள், எய்யாமல் தளர்த்தினாள். திரும்ப இழுத்தாள்.

"மாமா, ஓட்டை நெத்தியிலை நிக்குது. ஒண்டும் தெரியேல்லை." பிறகு மெல்லச் சொன்னாள்: "அது அப்பான்ரை கண்ணுக்குக் கட்டினது எண்டு எனக்கும் தெரியும். ஆனா இப்பிடியே விட்டா இந்த வில்லாலை ஒருத்தரும் பாக்கேலாது."

வளையத்தைப் பிடித்திருந்த பழைய நூற்கட்டை வெட்டினேன். வளையத்தை மெல்லக் கீழே இறக்கி, அவள் கண்ணுக்குச் சரி பார்த்து, புது நூலால் கட்டி மெழுகு தேய்த்தேன். மச்சான், நீ இரண்டாம் முறை போவதுபோல் இருந்தது.

அவள் இழுத்தாள். "இப்ப தெரியுது மாமா!" அந்தக் குரலில் என் பயம் பாதி போய்விட்டது. பன்றி நேர் எதிரே நின்றது. "விடு பிள்ளை" என்றேன்.

அவள் வில்லைத் தாழ்த்தி, வட்டப் பலகைப் பக்கம் திரும்பினாள்.

"இண்டைக்கு வெள்ளியெல்லோ."

மத்தியானம் என் கண் முன்னால் கோழிக்கால் கடித்த பிள்ளை! சிரிக்க வெளிக்கிட்டு அழுதுவிட்டேன்.

அம்பு பலகையின் அடியில் போய்ப் பட்டது. வளையம் இறங்கினால் அம்பும் இறங்கும். இனி ஊசியையும் அவளுக்கேற்பச் சரிசெய்ய வேண்டும். ஐந்து ஊசி வாங்கித் தாறன் என்றேன், ஒன்று போதுமாம். உன் பழைய நூல்துண்டு என் பர்சுக்குள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகிறோம். பன்றி கவனமாக இருக்கட்டும்.